வாசகர் கேள்விகள்: இடிச்சாதான் புதுசாகுமா?

கேள்வி: லண்டன்ல நட்ட நடு சிட்டியில இருக்குற பழைய கவுன்சில் (அதாவது உள்ளூர் நிர்வாகம் குறைஞ்ச வாடகைக்கு விடற) அடுக்குமாடிகளை இடிச்சுட்டு புதுசா கட்டுறாங்களே சார், அங்க இருந்தவங்களுக்கு அதே இடத்துல வீடு கிடைக்குமா?
- வாசகர், ஈரோடு

பதில்: கிடைக்கும்னுதான் ஆரம்பத்துல சொல்வாங்க. தெற்கு லண்டன்ல எலிஃபண்ட் அண்ட் காசில் பக்கம் ஹேகேட்னு ஒரு எஸ்டேட், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகம், 1974ல கட்டி முடிச்சது, சுமார் 1,200 வீடு, 3,000 பேர் வரைக்கும் குடியிருந்தாங்க. எல்லாரையும் காலி பண்ண வெச்சு 2014ல மொத்தமா தரைமட்டம் ஆக்கிட்டாங்க. இப்ப அங்க முன்ன இருந்ததை விட ரெண்டு மடங்கு வீடுங்க, ஆனா முதல்ல ஒத்துக்கிட்ட திட்டத்துல பழைய மாதிரி குறைஞ்ச வாடகைக்குன்னு ஒதுக்குனது நூறு கூட இல்ல! சொந்தமா வாங்கி வெச்சிருந்தவங்க கவுன்சில் குடுத்த காசுல அதே ஏரியாவுல வீடு வாங்க முடியாம லண்டன் ஓரத்துக்கும் அதையும் தாண்டியும் போயிட்டாங்க. குறைஞ்ச வாடகை வீடு அதிகமா கட்டினா கட்டுபடியாகாதுன்னு பில்டர் தரப்புல ஒரு கணக்கு காட்டுனாங்க, அந்தக் கணக்கை ஜனங்க கண்ணுல காட்டச் சொல்லி டிரிப்யூனல் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, அநியாயம் இல்லையா இது?

2018ல இருந்து லண்டன் மேயர் ஒரு விதி கொண்டு வந்திருக்கார். அவர் நிதியில 150 வீடோ அதுக்கு மேலயோ கட்டுறதுக்காக எஸ்டேட்டை இடிக்கணும்னா முதல்ல குடியிருக்கறவங்க ஓட்டு போட்டு சம்மதிக்கணும். இதை முன்னாடியே செஞ்சிருக்கணும்.

கேள்வி: இடிக்காமலே சரி பண்ண வழி கிடையாதா?
- வாசகி, திருச்சி

பதில்: நிச்சயமா இருக்கும்மா. பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல கிராண்ட் பார்க்னு ஒரு பகுதி, 1960கள்ல கட்டுன மூணு பிளாக், 530 வீடு. ஆன் லக்காத்தோன், ஜான் பிலிப் வசால்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட், அவங்க கூட இன்னும் ரெண்டு பேர், சேர்ந்து என்ன பண்ணாங்கன்னா ஃபேக்டரியில செஞ்சு கொண்டு வந்த தளங்களை கிரேன்ல தூக்கி கட்டடத்துக்கு வெளியில ஒட்டி அடுக்கிட்டே போனாங்க, அப்புறம் சின்ன ஜன்னல் இருந்த பழைய சுவரை எடுத்துட்டு தரையில இருந்து மேல வரைக்கும் தள்ளித் திறக்கற கண்ணாடிக் கதவு வெச்சாங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் 3.8 மீட்டர் ஆழத்துக்கு வெயில் வர்ற ஒரு ரூமும் பால்கனியும் கூடுதலா கிடைச்சுது. வேலை நடக்கும்போது யாரும் வீட்டை காலி பண்ணல, வாடகையும் ஏறல. எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான். கட்டடக் கலைக்குன்னு குடுக்கற ஐரோப்பாவோட மீஸ் வான் டெர் ரோ விருது 2019ல இதுக்கு கிடைச்சுது, 2021ல லக்காத்தோன், வசால் ரெண்டு பேருக்கும் அதே துறையோட பிரிட்ஸ்கர் பரிசு.

கேள்வி: லண்டன்ல தீப்பிடிச்ச அந்த கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடியிலயும் ரிப்பேர்தானே பண்ணாங்க? பயமா இருக்கே.
- வாசகர், மதுரை

பதில்: பயம் நியாயமானதுதான். 2017 ஜூன் 14 ராத்திரி தீப்பிடிச்சு 72 பேர் செத்துப் போனாங்க, அதுக்கு முந்தின வருஷம்தான் புதுப்பிச்சு முடிச்சிருந்தாங்க, அப்ப வெளிச்சுவர் மேல போர்வை மாதிரி ஒட்டுன கிளாடிங் பலகைங்க தீப்பிடிக்கற சரக்கு. ஆபத்துன்னு குடியிருந்தவங்க முன்னாடியே எழுதி எழுதி சொன்னாங்க, யாரும் காதுல போட்டுக்கல. அதுக்கப்புறம்தான் 18 மீட்டருக்கு மேல உயரமான புது குடியிருப்புகள்ல அப்படிப்பட்ட சரக்குக்கு இங்கிலாந்துல தடை வந்துச்சு. பழசை கழட்டாத கட்டடங்கள்ல அதுக்கப்புறமும் பல வருஷம் ஜனங்க குடும்பத்தோட இருக்க வேண்டியதா போச்சு, அதை நினைச்சாலே கோபம் வருது.