பைபிளின் நடுப்பக்கத்தில் இருக்கும் அந்த அமெரிக்கப் பெண் யார்?

கேள்வி: எங்கள் பாட்டியின் அம்மா கொடைக்கானலில் ஒரு மிஷன் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். அவர் வழியாக வந்த தோல் அட்டை பைபிள் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில், கையால் எழுதிய ஒரு பக்கம். ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயர், 1853இல் மாசசூசெட்ஸில் கல்யாணம், 1859 ஜனவரி 14இல் பெரியகுளத்தில் மரணம் என்று இருக்கிறது. பக்கத்தில் 27-8-7. அப்படியென்றால் 1807 ஆகஸ்ட் 27இல் பிறந்தவரா? அந்தத் தேதியை வைத்துத் தேடினால் ஆளே கிடைக்கவில்லை. அவருடைய குடும்பத்தாரிடம் பைபிளை ஒப்படைக்க ஆசை. வழி சொல்வீர்களா?
— ஒரு வாசகி, நாயுடுபுரம், கொடைக்கானல்

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 27-8-7க்கு முன்னால் ஏ, ஈ இரண்டு ஆங்கில எழுத்தும் ஒட்டினாற்போல ஒன்று இருக்கிறது, பாருங்கள். அது ‘வயது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம். ஆக, அது தேதியே இல்லை. இறக்கும்போது அவருக்கு 27 வருஷம், 8 மாதம், 7 நாள். அந்தக் காலத்து அமெரிக்கர்கள் கல்லறையிலும் இப்படித்தான் வெட்டுவார்கள். 1859 ஜனவரி 14இலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். 27 வருஷம் போனால் 1832 ஜனவரி 14. எட்டு மாதம் போனால் 1831 மே 14. ஏழு நாள் போனால் மே 7. அவர் பிறந்தது 1831 மே 7. நீங்கள் அவருக்கு 24 வயது கூட்டித் தேடியிருக்கிறீர்கள்!

பெரியகுளம் என்றதும் அமெரிக்க மதுரை மிஷன்தான் நினைவுக்கு வருகிறது. 1834இல் மதுரைக்கு வந்தவர்கள். காய்ச்சலிலும் காலராவிலும் ஆள் மேல் ஆளாகச் செத்ததால்தான் 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். இவர்களை அனுப்பிய பாஸ்டன் சபையின் கடிதங்கள் இன்று ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ‘மிஷனரி ஹெரால்டு’ என்ற அவர்களின் மாதப் பத்திரிகையில் 1859ஆம் வருஷ இதழ்களைப் புரட்டுங்கள். ஆனால் அதில் அவர் பெயர் இருக்காது, ‘மிஸஸ்’ போட்டுப் புருஷன் பெயர்தான் இருக்கும்.

இங்கேதான் பெண்களைத் தேடுவது கஷ்டமாகிறது. வத்தலக்குண்டில் பள்ளி நூலகராக இருந்தபோது, ஒரு கல்லறைக் கல்லில் பார்த்த பெண்ணை நானும் இப்படித் தேடினேன். புருஷனின் ஊரான ஒஹையோவிலேயே இரண்டு வருஷம் சுற்றினேன். அவர் பிறந்த வீடு வெர்மான்டில் இருந்தது. பெயருக்கு நடுவில் இருந்த ஒற்றை எழுத்தைக் கவனித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

நம் பெண்களுக்குக் கல்யாணமானால் அப்பா இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல் முன்னால் வரும். அங்கே கடைசிப் பெயர் மாறும், பிறந்த வீட்டுப் பெயர் பலருக்கு நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். சில சமயம் அது அம்மா பிறந்த வீட்டுப் பெயராகவும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் உடுவில் பெண்கள் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹாரியட் வின்சுலோவின் பிறந்த வீட்டுப் பெயர் லாத்ராப். 1862இல் தமிழ் அகராதி வெளியிட்டாரே வின்சுலோ, அவருடைய மனைவி. மகளுக்கு ஹாரியட் லாத்ராப் என்றே பெயர் வைத்தார்கள். அந்த மகள் டலஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அந்த மகளின் பேரன்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டலஸ். கடைசிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அவரிடமிருந்து உடுவிலுக்கு வந்துசேரவே முடியாது.

சரி, உங்கள் பக்கத்தில் நடு எழுத்து ‘எல்’. (அவருடைய முழுப் பெயரை இங்கே அச்சிடவில்லை, வம்சத்தார் இருக்கலாம்.) மாசசூசெட்ஸில் 1841 முதல் மாநில அளவில் பதிவு உண்டு. 1853 திருமணப் பதிவைத் தேடுங்கள், ஃபேமிலிசர்ச் தளத்தில் காசு கேட்க மாட்டார்கள். பெண்ணின் தாய் தகப்பன் பெயர் அதில் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் 1850 சென்சஸ். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் வீட்டில் உள்ளவர்களைப் பெயர் பெயராக எழுதினார்கள். ஜூன் 1ஆம் தேதிக் கணக்கு அது. உங்கள் பெண் அன்று 19 வயது, கல்யாணமாகாதவர், அப்பா வீட்டில் இருந்திருக்கலாம். யார் யாருக்கு என்ன உறவு என்பது 1880 வரை எழுதப்படவில்லை, அதனால் அதே வயதில் ஒரு சித்தியோ அத்தையோ இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

அங்கிருந்து அண்ணன் தம்பிகளைப் பிடித்து இறங்குங்கள், அவர்கள் பெயர் மாறாது. 1890 சென்சஸைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 1921 தீவிபத்தோடு பெரும்பகுதி போய்விட்டது. 1880இலிருந்து நேராக 1900க்குத் தாண்டுங்கள்.

இன்னொன்று. மரணக் குறிப்புக்கு மேலே மங்கலாக ஒரு வரி இருக்கிறது, நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை. ‘மகன், ஜனவரி 12, 3 நாள்’ என்று படிக்கிறேன். பெயர் வைக்கவில்லை. அம்மா இறந்தது இரண்டு நாள் கழித்து. அந்தப் பிள்ளை எந்தச் சென்சஸிலும் வராது. கொடுத்து அனுப்புவதற்கு முன்னால், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி வைத்து அந்த வரியை மட்டும் கிட்டத்தில் படம் எடுங்கள். கிழிந்த ஓரத்தில் செலோடேப் ஒட்டிவிடாதீர்கள்.