செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் உலகச் சம்பியன் ஆனது 2000இலா, 2007இலா? உங்கள் புத்தகங்களில் ஒன்று 2000 என்கிறது, மற்றது 2007 என்கிறது.

இரண்டையும் போடுங்கள், எதையும் அடிக்கத் தேவையில்லை. ஹட்டன் பாடசாலைச் செஸ் கழகத்துக்கு நீங்கள் எழுதும் பெரிய டிமைத் தாளில் "முதற்பட்டம் 2000, எதிரே வேறு பட்டம் இல்லாத ஒரே சம்பியன் 2007" என்று வந்தால், உங்களிடம் உள்ள இரண்டு புத்தகங்களும் சரிதான்.

குழப்பம் 1993இல் தொடங்கியது. அப்போதைய உலகச் சம்பியன் கஸ்பரோவும் அவருக்குச் சவால் விட்ட ஷோர்ட்டும் உலகச் செஸ் சம்மேளனமான பிடேயை விட்டு வெளியேறி, பட்டத்துக்காகத் தனியே ஆடினார்கள். 2006 வரை பட்டம் இரண்டாகவே இருந்தது. 2000 டிசம்பரில் தெஹ்ரானில் ஷிரோவை 3½–½ என்று ஆனந்த் வென்றது பிடேயின் பட்டம். மற்றது, அதே ஆண்டு லண்டனில் கஸ்பரோவைத் தோற்கடித்த கிராம்னிக்கிடம் இருந்தது. 2006இல் ரஷ்யாவின் எலிஸ்டாவில், அப்போது பிடே பட்டத்தை வைத்திருந்த டோபலோவை கிராம்னிக் வென்ற பிறகே இரண்டும் ஒன்றாயின.

சரிபார்க்க, ஆண்டுக்குப் பக்கத்தில் எதிராளியையும் புள்ளியையும் எழுதிப் பாருங்கள்:

2008, ஜேர்மனியின் பொன் நகரம்: கிராம்னிக், 6½–4½
2010, சோபியா: டோபலோவ், 6½–5½
2012, மொஸ்கோ: கெல்ஃபாண்ட், 6–6, பிறகு விரைவு ஆட்டங்களில் 2½–1½

2007க்கு மட்டும் தனி எதிராளி இல்லை. மெக்சிகோ சிட்டியில் எட்டுப் பேர் ஆடிய தொடர் அது. ஆனந்துக்கு 14 ஆட்டங்களில் 9 புள்ளி. பிள்ளைகள் அங்கே கிராம்னிக்கின் பெயரை எழுதிவிடுவார்கள், கவனம்.

2000ஐயும் சேர்த்து மொத்தம் ஐந்து வர வேண்டும். ஆறு வந்தால், 2003 விரைவு செஸ் பட்டம் உள்ளே நுழைந்திருக்கும். அது வேறு பட்டம். 2013இல் சென்னையில் கார்ல்சனிடம் தோற்றதையும் அதே தாளில் எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.