மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்? மலையகத்தில் லேப்டொப்புக்கு இணையம்: கேள்வி பதில்

நுவரெலியா, எல்ல, ஹப்புத்தளை, மஸ்கெலியா பக்கம் சுற்ற வருகிறவர்கள் லேப்டொப்பில் வேலையும் பார்க்க வேண்டும் என்று கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. பண்டாரவளையில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன், தோட்டப் பக்கம் ரௌட்டர், அன்டெனா பூட்டும் வேலையும் செய்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். விலை எதுவும் போடவில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் பெக்கேஜ் மாறிவிடும்.

சென்னையிலிருந்து: அண்ணா, ஒரு வாரம் எல்ல, ஹப்புத்தளை. ஆபீஸில் லீவு இல்லை, லேப்டாப்போடுதான் வருகிறேன். எந்த சிம் நல்லது? ஏர்போர்ட்டிலேயே வாங்கலாமா?

கட்டுநாயக்கவில் வெளியே வரும் இடத்திலேயே கவுண்டர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிவிடுங்கள். ஆனால் ஒன்று போதாது. டயலொக் ஒன்று, மொபிடெல் ஒன்று, சின்ன பெக்கேஜாக இரண்டு வாங்குங்கள். ஒரே சிம்மில் பெரிய பெக்கேஜ் போடுவதைவிட இதுதான் கைகொடுக்கும்.

கொழும்பில் எந்தக் கம்பனி நல்லது என்று கேட்டால் பதில் சொல்லலாம். இங்கே டவர் எந்த மலையில் நிற்கிறது, உங்கள் அறை அந்த மலையைப் பார்க்கிறதா என்பதுதான் கணக்கு. ஹப்புத்தளை டவுனைப் பாருங்கள். மலை முதுகின்மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. தெற்குப் பக்கம் சமவெளி வரை கண்ணுக்கு எட்டும், வடக்குப் பக்கம் ஊவா மலைகள். ரோட்டுக்கு இந்தப் பக்க லொட்ஜில் ஓடுகிற சிம், அந்தப் பக்க லொட்ஜில் செத்துக் கிடக்கும்.

அறை புக் பண்ணும்போது "வைஃபை இருக்கா" என்று கேட்காதீர்கள். இல்லை என்று சொன்ன லொட்ஜ்காரரை நான் பார்த்ததில்லை. "அறைக்குள்ள நின்னு ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷொட் அனுப்புங்க, ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தா நல்லது" என்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே பதில்.

அதே அக்கா: ஆப்பில் கிடைக்கிற டிராவல் ஈசிம் போதாதா?

ஈசிம் என்றால் அட்டை இல்லாமல் போனிலேயே பதிகிற சிம். இரண்டாவது சிம்மாக வைத்துக்கொள்ளலாம். அதுவும் இங்குள்ள ஏதோ ஒரு கம்பனியின் டவரில்தான் தொங்குகிறது, புதுக் கவரேஜ் எதுவும் வராது. டேட்டா பெரும்பாலும் வேறொரு நாட்டைச் சுற்றி வருவதால் மீட்டிங்கில் குரல் தாமதிக்கும். பலவற்றில் உள்ளூர் நம்பரும் கிடையாது. ஆட்டோக்கார அண்ணனுக்குக் கோல் எடுக்கும்போது அந்த அருமை தெரியும்.

டொரொண்டோவிலிருந்து: அம்மா பிறந்த தோட்டத்தைப் பார்க்க மஸ்கெலியா வந்திருக்கிறோம். இங்கே வாங்கிய சிம் ஐபோனில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஹொட்ஸ்பொட் என்ற இடமே காணோம். போன் லொக் ஆகியிருக்கிறதா?

லொக் என்றால் சிம்மே எடுத்திருக்காது, ஐயா. அதோடு கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து லொக் இல்லாமல்தான் போன் விற்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பிரச்சினை ஏபிஎன், போன் எந்த வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கிற பெயர் அது. செட்டிங்ஸில் மொபைல் டேட்டா நெட்வேர்க் பக்கம் போங்கள். மேலே டேட்டாவுக்கு ஒரு ஏபிஎன் எழுதியிருக்கும், கீழே பர்சனல் ஹொட்ஸ்பொட் என்ற பகுதியில் அதே கட்டம் காலியாக இருக்கும். மேலே உள்ளதை அப்படியே கீழே எழுதிவிட்டு போனை ஓஃப் செய்து மறுபடி ஓன் பண்ணுங்கள், வந்துவிடும்.

ஹொட்ஸ்பொட் வந்தும் பழைய லேப்டொப்புக்கு அது தெரியாவிட்டால் "மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி"யை ஓன் பண்ணுங்கள். 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4க்கு இறங்கும். அன்ட்ரொய்ட் போன் என்றால் முதலில் டேட்டா சேவரைப் பாருங்கள். அது ஓனில் இருந்தால் ஹொட்ஸ்பொட் வேலை செய்யாது.

முடிந்தால் வைஃபையே வேண்டாம், கேபிள் போட்டு யூஎஸ்பி டெதரிங் பண்ணுங்கள். போனும் சார்ஜ் ஆகும்.

கோயம்புத்தூரிலிருந்து: சார், நல்லதண்ணியில் ரூம். போனில் நாலு கோடு நிற்கிறது, ஒரு மெயில் கூடப் போகவில்லை!

எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை, சீசன் என்று நினைக்கிறேன். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலை ஏற வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி அந்த ஒரு பள்ளத்தாக்கில்தான் இறங்கும். கோடு காட்டுவது டவர் உங்களுக்குக் கேட்கிறது என்பதை மட்டும். டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதை அது காட்டாது. ஏப்ரலில் நுவரெலியாவிலும் இதே கதைதான்.

கோடுகளைப் பார்க்காமல் டிபிஎம் பாருங்கள், சிக்னல் பலத்தின் அளவு அது, மைனஸில் வரும். அன்ட்ரொய்டில் சிம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும், ஐபோனில் *3001#12345#* அடித்து கோல் எடுத்தால் வரும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் அருமை. 100ஐத் தாண்டினால் இழுபறி. 115க்கு மேல் என்றால் இடத்தை மாற்றுங்கள். நம்பர் நன்றாக இருந்தும் ஓடவில்லை என்றால் நெரிசல்தான், அடுத்த சிம்முக்கு மாறுங்கள். விடியற்காலையில் அனுப்புவதும் ஒரு வழி, ஆனால் நல்லதண்ணியில் அந்த நேரத்திலும் பாதிப் பேர் மலையில் நின்று சூரிய உதய வீடியோ அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அங்கை புகார் மூடினால் சிக்னல் போயிடும் எண்டு சொல்லுகினம். உண்மையே?

இல்லை. 900, 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற போன் சிக்னலைப் புகார் (பனிமூட்டம்) ஒன்றும் செய்யாது. நனைந்த மரம்தான் எதிரி. லொட்ஜைச் சுற்றி டர்பன்டைன் மரம் அடர்ந்திருந்தால், மழை பெய்து இலையெல்லாம் நீர் பிடித்த பிறகு சிக்னல் இறங்கும். பனியும் அதே நேரத்தில் வருவதால் பழி அதன்மேல் விழுகிறது.

இன்னொரு காரணம் கரண்ட். லைன் போனால் டவர் பெட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு ஜெனரேட்டர் இருந்தால்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது பல இடங்களில் டவர் நிமிர்ந்துதான் நின்றது, கரண்டும் ஃபைபரும் அறுந்திருந்தன.

சென்னையிலிருந்து வேறொருவர்: ராத்திரி ஹாட்ஸ்பாட் போட்டுத் தூங்கினேன். காலையில் மொத்த டேட்டாவும் காலி. கம்பெனி ஏமாற்றுகிறதா?

உங்கள் லேப்டொப்தான் சாப்பிட்டிருக்கிறது. வைஃபை என்றாலே இலவசம் என்று நினைத்து விண்டோஸ் அப்டேட்டை இறக்கும், வன்ட்ரைவ் போட்டோ ஏற்றும். அந்த இணைப்பை "மீட்டர்ட்" (அளந்து செலவாகும் இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். மேக்கில் "லோ டேட்டா மோட்". யூஎஸ்பி டெதரிங் பண்ணினால் விண்டோஸ் அதை ஈதர்நெட் என்று வேறு இணைப்பாக எடுக்கும். அதற்கும் தனியாக மீட்டர்ட் போட வேண்டும், பலர் விடுவது இதைத்தான்.

பெக்கேஜ் வாங்கும்போதும் பிரித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஜீபியில் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் ஓடும், ஒரு பங்கு யூடியூப்புக்கோ வட்ஸ்அப்புக்கோ மட்டும் என்று இருக்கும். "எனிடைம்" எவ்வளவு என்று கேளுங்கள். ஆபீஸ் விபிஎன் போட்டால் யூடியூப் கோட்டா வேலைக்கே ஆகாது, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று சிம் கம்பனிக்குத் தெரியாதே.

ஒரு மணி நேர ஜூம் மீட்டிங்குக்கு எவ்வளவு டேட்டா?

720பி வீடியோவுக்கு ஏற்ற 1.2, இறக்க 1.2 எம்பிபிஎஸ். மணிக்கு ஒரு ஜீபிக்குக் கொஞ்சம் கூட. குரல் மட்டும் என்றால் 100 எம்பிக்குள் முடியும். கேமராவை மூடுங்கள். தேயிலை மலையைப் பின்னால் காட்டி மேனேஜரை வெறுப்பேற்றுவானேன்?

மதுரையிலிருந்து: கண்டியிலிருந்து எல்ல வரை ரயிலில் வேலை பார்க்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். பாதை முழுக்க வெட்டுப்பள்ளமும் சுரங்கமும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் மட்டுமே அரைக் கிலோமீட்டருக்கு மேல். பட்டிப்பொல, ஒஹிய காட்டில் மெசேஜ் போனாலே சந்தோஷப்படுங்கள். டித்வாவில் இந்தப் பாதை பல இடங்களில் உடைந்தது. ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

அக்கரப்பத்தனையிலிருந்து: அண்ணே, நான் வெளிநாட்டு ஆள் இல்ல, கேம்பஸ் பிள்ளை. லயத்து உள்ளுக்கு, அதான் தோட்டத்து லைன் வீட்டுக்குள்ள, சிக்னலே இல்ல. லெக்சருக்கு மேட்டுல ஏறி நிக்கிறேன், மழைன்னா அதுவும் முடியாது. பூஸ்டர் ஒன்னு வாங்கவா?

வாங்காத தங்கச்சி. அனுமதி இல்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி பிழை, மலிவானது பக்கத்து ஆட்களின் சிக்னலையும் கெடுக்கும்.

லயத்தில் கூரைத் தகரமும் கனமான பழைய சுவரும்தான் தடை. வாசல் இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்) நின்றால் சிக்னல் இருக்கா என்று பார். இருந்தால் காசு செலவே வேண்டாம். போனை ஹொட்ஸ்பொட்டில் போட்டு, பவர் பேங்கோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ஜன்னலுக்கு நேரே தாழ்வாரத்தில் தொங்கவிடு. டவர் சிக்னல் போனுக்கு வெளியே கிடைக்கும், வைஃபை ஜன்னல் வழியாக உனக்கு உள்ளே வரும். வெயில் படாத இடமாகப் பார், போன் சூடானால் நின்றுவிடும்.

இஸ்தோப்பிலும் இல்லை, மேட்டில்தான் என்றால் வெளி அன்டெனா பூட்டக்கூடிய 4ஜி ரௌட்டர் வேண்டும். நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து வாங்கினால் பாரம் குறையும். அன்டெனாவைக் கூரை உயரத்துக்கு மேல் ஒரு குழாயில் கட்டி, ஒருவர் மெதுவாகத் திருப்ப, ஒருவர் உள்ளே டிபிஎம் பார்க்க வேண்டும். டவர் தெரிகிற திசையில்தான் நன்றாக வரும் என்றில்லை, சில நேரம் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வருவதே பலமாக இருக்கும். அன்டெனா வயரை நீளமாக இழுக்காதே, அதிலேயே சிக்னல் கரைந்துவிடும். ரௌட்டரை அன்டெனாவுக்குப் பக்கத்தில் வை, உள்ளே நெட்வேர்க் கேபிளை நீட்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால் அன்டெனா வயரையும் கரண்டையும் கழற்றிவிடு. லெக்சர் போனால் ரெக்கோர்டிங் கேட்டு வாங்கலாம்.

திருச்சியிலிருந்து: பேங்க் ஓடிபி எப்படி வரும்?

கிளம்பும் முன் இந்திய சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவிட்டு வாருங்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் மூடுங்கள். வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிம் இடம் இரண்டுதான் இருந்தால் இரண்டாவது இலங்கை சிம்மை ஈசிம்மாக எடுங்கள்.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டதாமே?

2025 ஜூலையில் வந்தது. சில லொட்ஜ்கள் பூட்டியிருக்கின்றன. வானம் திறந்து தெரிகிற இடத்தில் அருமை, மரமும் மலையும் மறைக்கிற பள்ளத்தில் விட்டு விட்டு வரும், கொட்டுமழையில் தடுமாறும். கரண்ட் போனால் அதுவும் போகும், இன்வேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக மறுபடியும் சென்னை அக்கா: சார்ஜருக்கு அடாப்டர் வேண்டுமா?

வேண்டும். 230 வோல்ட்தான், அதில் பயமில்லை. பழைய பங்களாக்களில் உருண்டைக் கால் பிளக் போகிற துவாரம் இருக்கும், புதிய கட்டடங்களில் எல்லாம் சதுரக் கால் மூன்று கொண்ட 13 அம்பியர்தான். ஊரிலேயே வாங்கி வர மறந்தாலும் இங்கே டவுனில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். போயா நாளில் கடை பூட்டியிருக்கலாம், அதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.