மேலாள் எழுதாத கடிதம்

வணக்கம். ஏழு வருடத்துக்கு முன் என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். ரத்தம் நிறையப் போய், பிழைத்ததே பெரிது என்றார்கள். பிள்ளைக்குப் பால் சுரக்கவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. எப்போதும் அசதி, குளிர். ரத்தத்தில் டிஎஸ்எச் அளவு மட்டும் பார்த்து 'தைராய்டு நார்மல்' என்றே அனுப்பிவந்தார்கள். இப்போது ஒரு டாக்டர், கோளாறு மூளைக்கு அடியில் பிட்யூட்டரியில் என்கிறார். கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கும் தலைக்கும் என்ன தொடர்பு? தைராய்டு மாத்திரையை உடனே ஆரம்பிக்கலாமா?
ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த டாக்டர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

நம் பக்கத்துப் பழைய கதையிலேயே சொல்கிறேன். முதலாளி கானாடுகாத்தான் வீட்டில். அவருக்காக வியாபாரத்தை நடத்தும் மேலாள் ரங்கூனில். அவருக்குக் கீழே ஊர் ஊராகக் கடைகள். முதலாளி மேலாளுக்கு எழுதுவார், மேலாள் கடைகளுக்கு எழுதுவார். கடைக் கணக்கு இருவருக்கும் திரும்பி வரும். அதைப் பார்த்து அடுத்த கடிதத்தில் காரம் கூடும், குறையும். உடம்பில், மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் முதலாளி. அதன் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி மேலாள். தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல், சூலகம் எல்லாம் கடைகள். முதலாளி அனுப்பும் கடிதம் இம்மியளவுதான். தைராய்டு வேலைக்கான கடிதமான டிஆர்எச் ஹார்மோனின் அமைப்பை 1969இல் கண்டறிய, ஆடு, பன்றிகளின் ஹைப்போதலாமஸ்களை லட்சக்கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. போட்டி போட்டு அதைச் செய்த ரோஜர் கில்லெமினும் ஆண்ட்ரூ ஷாலியும் 1977இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

டிஎஸ்எச் என்பது மேலாள் தைராய்டுக்கு எழுதுவது. கடை படுத்தால் காரமாக எழுதுவார், எண் ஏறும். மேலாளே படுத்துவிட்டால்? கடை காலியாகக் கிடந்தாலும் அந்தக் காரமான கடிதம் வராது. ரிப்போர்ட்டில் எண் பல சமயம் நார்மலாகவே நிற்கும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனைக் காட்டும் ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏழு வருடம் அதைப் பார்க்காமல் விட்டது எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகி, அதிக ரத்தம் கேட்கும். பிரசவத்தில் ரத்தம் கொட்டிவிட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும். ஷீஹன் சிண்ட்ரோம் என்பார்கள். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் அங்கிருந்துதான் வர வேண்டும், ஆகவே பால் வராததே பெரும்பாலும் முதல் அறிகுறி. என் சின்னம்மாவுக்கும் பால் வரவில்லை. பூண்டும் சுறாப்புட்டுமாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவளுக்கு மனசில்லை" என்றார்கள். அடுப்படியில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவர் அழுததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அக்காவிடமும் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அது பொய் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் அவசரம் வேண்டாம். மேலாள் படுத்தால் அட்ரினலும் படுத்திருக்கலாம். அட்ரினல் சுரக்கும் கார்டிசாலைக் காலையில் பார்க்கும் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். அது குறைவாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு மாத்திரையான தைராக்ஸின். முறை மாறினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தவும் கூடாது. காய்ச்சல் வந்தால் டோஸ் கூட்ட வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசி. எவ்வளவு என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கி, அந்தச் சீட்டை அக்காவின் பர்ஸில் வையுங்கள்.