பழைய கட்டடத்தில் ஓவிய வகுப்பு: கேட்டதும் சொன்னதும்

பாரம்பரியக் கட்டட வளாகங்களில் பொதுமக்களுக்காக நடக்கும் மாலை, வார இறுதி ஓவிய வகுப்புகள் பற்றி வந்த கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்தது பென்சில், நீர்வண்ணம், கொஞ்சம் எண்ணெய் வண்ணம். மற்றதற்கு வழி மட்டும் காட்டுவேன்.

கேள்வி: எனக்கு நேர்க்கோடுகூட வராது சார். சேரலாமா?

பதில்: சேரலாம். நேர்க்கோடு வருகிறவர்களும் ஸ்கேல் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: முதல் நாளுக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: ஒரு ஹெச்.பி., ஒரு 2பி, ஒரு 4பி பென்சில், பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர், ஒரு ஏ4 நோட்டு. நீர்வண்ணம் என்றால் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாள் வேண்டும். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளிந்துவிடும். 48 நிறப் பெட்டி வேண்டாம். ஆறு நிறம் போதும், கலந்து பழகுங்கள்.

கேள்வி: தாழ்வாரத்தில் உட்கார்ந்து அரைவட்ட வளைவுகளை வரைந்தேன். எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகின்றன. எங்கே தப்பு?

பதில்: இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் பழைய கட்டடத்தில் வகுப்பு நடக்க வேண்டும் என்கிறேன். இரண்டு தூணுக்கும் நடுவை ஸ்கேலால் அளந்து, உச்சியை அங்கே வைத்திருப்பீர்கள். சாய்வாகப் பார்க்கும்போது உச்சி அங்கே இருக்காது.

வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சி மட்டம் வரை ஒரு நாற்கரச் சட்டம் போடுங்கள். அதன் மேல்கோடும் கீழ்க்கோடும் தூரம் போகப் போக நெருங்கும். இப்போது மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுங்கள். அவை வெட்டும் இடம் வழியாக நேர்குத்தாக ஒரு கோடு. அது மேல்கோட்டைத் தொடும் இடம்தான் உச்சி. தூரத்துத் தூண் பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும், பயப்படாதீர்கள். அதே குத்துக்கோடு கீழ்க்கோட்டைத் தொடும் புள்ளியிலிருந்து மேல் மூலைகள் இரண்டுக்கும் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளில் கீழிருந்து ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு தூரத்தில் வளைவு கடந்து போகும். கால் இரண்டு, தோள் இரண்டு, உச்சி ஒன்று என ஐந்து புள்ளி கிடைத்துவிட்டது. கையை எடுக்காமல் இணையுங்கள்.

அப்புறம் சுவரின் கனம். பழைய சுவர் தடிமனானது, வளைவின் உள்பக்கம் ஒரு பட்டையாகத் தெரியும். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள், படம் தட்டையாகிவிடுகிறது.

கேள்வி: எண்ணெய் வண்ணம் தொடங்கலாமா? வாடைதான் யோசனையாக இருக்கிறது.

பதில்: ஜன்னல் திறந்திருந்தால் வாடையைச் சமாளிக்கலாம். நான் பயப்படுவது தூரிகை துடைக்கும் துணிக்கு. எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது போல் அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும், அப்போது சூடு பிறக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் சில மணி நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கலாம். மர உத்தரமும் மரப்படியும் உள்ள கட்டடத்தில் இது விளையாட்டல்ல. தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி: சான்றிதழ் கிடைக்குமா?

பதில்: அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: வெயிலில் உட்கார்வதற்குப் பதில் போனில் படம் எடுத்து வீட்டில் வரைந்தால் என்ன?

பதில்: வரையலாம். ஆனால் அது போன் பார்த்த கட்டடம். போனை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே போய் ஒன்றையொன்று நெருங்கும். நிழலுக்குள் இருப்பது பல சமயம் வெறும் கறுப்பாகிவிடும். நேரில் பார்த்தால் அந்த நிழலுக்குள்ளேயே தரையிலிருந்து எழும்பும் வெளிச்சம் தெரியும்.

அதே நபர்: நேரில் உட்கார்ந்தால் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கிறதே சார். படத்தில் அப்படியே நிற்கிறது.

பதில்: நகரத்தான் செய்யும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, இரண்டு மணி நேர வகுப்பில் 30 டிகிரி. அதனால் முதல் பத்து நிமிடத்தில் நிழலின் ஓரத்தை மட்டும் கோடாகக் குறித்து, பக்கத்தில் மணியையும் எழுதிவிடுங்கள். அதன்பின் நிழல் எங்கே போனாலும் துரத்தக் கூடாது.

வேறொருவர்: டெகா போன்ற பெரிய ஓவியர்களே புகைப்படத்தைப் பயன்படுத்தினார்கள். நீங்கள் பழமைவாதம் பேசுகிறீர்கள்.

பதில்: பயன்படுத்தினார். 1890-களில் தானே கேமராவும் வாங்கிப் படமெடுத்தார். அதற்குள் 40 வருடம் வரைந்து முடித்திருந்தார். கேமரா எதைத் தவறவிடுகிறது என்று அவருக்குத் தெரியும். நீங்களும் ஒரு வருடம் நேரில் வரைந்துவிட்டு வந்து என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அதே நபர்: அதுவரை வெயிலுக்கு யார் பொறுப்பு?

பதில்: தொப்பி. மேலே போகலாம்.

கேள்வி: ஆர்வம் உண்டு, திறமை இல்லை. சேரலாமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: படங்களை வகுப்பறைச் சுவரில் டேப் வைத்து ஒட்டலாமா?

பதில்: கூடாது. சுண்ணாம்புச் சுவராக இருந்தால் டேப்பை உரிக்கும்போது பூச்சும் கூடவே வரும். ஆணியும் கூடாது. கயிறு கட்டி கிளிப்பில் மாட்டுங்கள், அல்லது ஈசல் (படத்தை நிறுத்தும் தாங்கி) இருக்கிறது.

கேள்வி: ஜன்னலோரம் மாட்டிய படத்தில் சிவப்பு மட்டும் வெளிறிவிட்டது. மட்ட ரகமா?

பதில்: டியூபின் பின்புறம் பாருங்கள். பி.ஆர். 83 (PR83) என்று நிறமியின் குறியீட்டு எண் இருந்தால் அது அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு. நல்ல கம்பெனி டியூபாக இருந்தாலும் வெயிலில் வெளிறும், மெல்லிய பூச்சில் சீக்கிரமே. குயினாக்ரிடோன் வகைச் சிவப்புக்கு மாறுங்கள். பெயரை நம்பி வாங்காதீர்கள், குறியீட்டு எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: மண்பாண்ட வகுப்பு பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: என் துறையல்ல, அந்த ஆசிரியரைக் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். துணி என்றதும் ஞாபகம் வருகிறது: எண்ணெய்த் துணியைச் சுருட்டாதீர்கள்.

கேள்வி: வயது 58. இனி சேரலாமா?

பதில்: ஐயா, முதல் பதில்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. வகுப்பு மாடியில் நடக்கிறதாம்.

பதில்: பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பல பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது, படிகளும் உயரமாக இருக்கும், சில இடங்களில் கைப்பிடியும் கிடையாது. கீழ்த்தளத்தில் வேறு வகுப்பு இருக்கிறதா, கழிப்பறை எந்தத் தளத்தில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகு சாயும் நாற்காலி ஒன்றையும் இப்போதே சொல்லி வையுங்கள். ஓவிய வகுப்பில் பெரும்பாலும் முக்காலிதான் போடுவார்கள்.