செலக்டினைத் தடுக்கும் ஊசியைக் கடன் வாங்கிப் போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது, எடை 45 கிலோ. சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாள் செல் நோய். தினமும் ஹைட்ராக்ஸியூரியா 500 மி.கி. ஒன்று சாப்பிடுகிறான். அப்படியும் போன வருஷம் நான்கு முறை வலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பி-செலக்டினைத் தடுக்கும் கிரிசான்லிசுமாப் என்ற ஊசியைப் பற்றிப் படித்தேன். கடன் வாங்கியாவது போடலாமா? ரத்தத்தில் செலக்டின் அளவைப் பார்க்க வேண்டுமா?
– கூடலூர் வாசகர்

பதில்: கடன் வாங்க வேண்டாம். ஊசியைவிட முக்கியமான விஷயம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 45 கிலோ எடைக்கு 500 மி.கி. என்றால் கிலோவுக்கு 11 மி.கி.தான். பெரியவர்களுக்குத் தொடங்கும் அளவே வழக்கமாகக் கிலோவுக்கு 15. சிலருக்கு 10-இல் தொடங்குவதும் உண்டு. ஆனால் வலி தொடரும்போது அங்கேயே நின்றுவிடக் கூடாது.

ரத்தக் குழாயின் உட்சுவரில் வெள்ளை அணுவுக்கு முதல் பிடி கொடுப்பவை செலக்டின்கள். எல்-செலக்டின் வெள்ளை அணுவின் மேலேயே இருக்கும். பி-செலக்டின், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களிலும் உட்சுவர்ச் செல்களிலும் சிறு பைகளில் தயாராக இருக்கும். தூண்டினால் சில நிமிடங்களில் மேற்பரப்புக்கு வந்துவிடும். இ-செலக்டினைச் செல் புதிதாகத்தான் தயாரிக்க வேண்டும், அது உச்சத்துக்கு வர 4 முதல் 6 மணி நேரம் ஆகும். இவற்றின் பிடி தளர்வானது என்பதால் வெள்ளை அணு சுவரோடு உருண்டு போகும். வேகம் குறைந்த பிறகு இன்டெக்ரின் என்ற வேறு புரதம் அதை இறுக்கிப் பிடித்து நிறுத்தும். கிருமி புகுந்த இடத்துக்கு வெள்ளை அணு போய்ச் சேருவது இந்த வழியில்தான். செலக்டின் பற்றிக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறு பிறவியிலேயே அமையாத குழந்தைகள் மிக அபூர்வமாக உண்டு. அவர்கள் ரத்தத்தில் வெள்ளை அணு ஏராளமாக இருக்கும், ஆனால் தொற்று வந்த இடத்தில் சீழ் பிடிக்காது. தொற்று திரும்பத் திரும்ப வரும்.

அரிவாள் செல் நோயில் இதே பிடி கிருமி இல்லாமலே விழுகிறது. உடையும் சிவப்பணுவிலிருந்து வெளியேறும் ஹீம் (ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி) உட்சுவரைத் தூண்ட, பி-செலக்டின் வெளியே வருகிறது. நுண்சிரையில் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் ஒட்டுகின்றன. அவற்றின் மேல் விறைத்த சிவப்பணுவும் தட்டணுவும் ஒட்டி, வழி அடைபடுகிறது. வளைந்த சிவப்பணு தானாகப் போய்ச் சிக்கிக்கொள்வதால்தான் வலி என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஒட்டும் வெள்ளை அணுவுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

அந்த ஊசி குறிவைப்பது சரியான இடத்தைத்தான். 198 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 5 மி.கி. பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 1.63 முறை வலி வந்தது. வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 2.98. அதை வைத்து 2019-இல் அமெரிக்கா 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதி தந்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வில் வெற்று மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைத் திரும்பப் பெற்றது. முக்கியமாக இ-செலக்டினைத் தடுத்த ரிவிபான்செல் என்ற மருந்தும் 2019-இல் இறுதிக்கட்ட ஆய்வில் தோற்றது. ஒரு பிடியை மூடினாலும் ஒட்டுவதற்கு வேறு பிடிகள் இருக்கின்றன என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். செலவையும் பாருங்கள்: உங்கள் தம்பியின் எடைக்கு ஒரு தவணை 225 மி.கி., அதாவது 100 மி.கி. குப்பி மூன்று. முதல் நாளும் இரண்டு வாரம் கழித்தும் போட்டு, பிறகு 4 வாரத்துக்கு ஒரு முறை தொடர வேண்டும்.

ஹைட்ராக்ஸியூரியா, சிவப்பணு வளைவதைத் தடுக்கும் கருவகை ஹீமோகுளோபினைக் (கருவில் இருக்கும்போது உருவாகும் வகை) கூட்டுவதோடு நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையையும் குறைக்கிறது, அதாவது ஒட்டப் போகிறவர்களையே குறைக்கிறது. 299 பெரியவர்களிடம் நடந்து 1995-இல் வெளியான ஆய்வில், வெற்று மருந்து பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 4.5 முறை வலி வந்தது, இதைப் பெற்றவர்களுக்கு 2.5. மலிவான மருந்து, அதன் முழு அளவை இன்னும் உங்கள் தம்பி பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது இது. ஒரு நாள் 500, மறுநாள் 1000 என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் சராசரி 750 மி.கி., கிலோவுக்கு ஏறக்குறைய 17. நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை தாங்கினால் 8 வாரத்துக்கு ஒரு முறை கிலோவுக்கு 5 மி.கி. வீதம் கூட்டுவார்கள், உச்சம் 35. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் 2,000-க்கோ தட்டணு 80,000-க்கோ கீழே போனால் நிறுத்தி, வாராவாரம் பார்த்து, தேறியதும் குறைந்த அளவில் மீண்டும் தொடங்க வேண்டும். தாங்கும் உச்ச அளவில் 6 மாதமாவது கொடுத்த பிறகே பலனில்லை என்று சொல்ல முடியும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கணக்கே வேறு. ஒருவேளை வேண்டுமென்றே குறைவாக வைத்திருந்தால் அதற்கான காரணத்தைக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்பதையும் அதே ரத்த அறிக்கை காட்டும்: மருந்து வேலை செய்தால் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) ஏறும், பலருக்கு 100-ஐத் தாண்டும். ஏறவே இல்லையென்றால் முதலில் தம்பியிடம் பேசுங்கள், திட்டாமல். இம்மருந்து எடுக்கும்போது, ஆணானாலும் பெண்ணானாலும், கருத்தடை அவசியம்.

செலக்டின் பரிசோதனை வேண்டாம். ரத்தத்தில் மிதக்கும் செலக்டினை அளக்க முடியும், ஆனால் இந்த எண்ணுக்கு இந்த மருந்து என்று தீர்மானிக்க வரையறை கிடையாது.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மூட்டுவலி என்று வேறு கிளினிக்குக்குப் போனால் ஸ்டீராய்டு போட்டுவிடுவார்கள். நிறுத்திய சில நாட்களில் வலி திரும்பிப் பாயலாம். வெள்ளை அணுவைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி இவர்களுக்கு உயிராபத்து வரை கொண்டுபோயிருக்கிறது. போகும் இடமெல்லாம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் நீலகிரியில் அது புதிதல்ல: இந்தியாவில் இந்நோய்க் கூறு முதலில் பதிவானதே 1952-இல் அங்குள்ள பழங்குடி மக்களிடம்தான்.

உங்கள் ஊர்க் குளிரில் கம்பளியும் வெதுவெதுப்பான தண்ணீரும் வேண்டும். ஒரு நாளைக்கு 2.5 முதல் 3 லிட்டர் வரை குடிக்கட்டும். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.