ஹெரோயின் விட்டு இரண்டு கிழமை, தம்பி சோறு தொடுகிறாரில்லை

சோற்றைக் கட்டாயப்படுத்தாதீர்கள். தட்டு நிறையச் சோறு இப்போது தேவையும் இல்லை. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்: காலையில் உழுத்தங்கஞ்சி அல்லது குரக்கன் கஞ்சி, பத்து மணிபோல அவித்த பயறு, மத்தியானம் குழைந்த சோற்றில் பருப்பும் முருங்கையிலையும், பின்னேரம் ஒரு முட்டை. கிளிநொச்சிப் பக்கம் என்கிறீர்கள், குளத்து மீன் கிடைக்குமே. முள்ளெடுத்து விரால் சொதி வைத்துக் கொடுங்கள்.

இனிப்புத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஹெரோயினை விட்டவர்களுக்கு இனிப்பு ஆசை வருவது வழமை, அதற்காகப் பேச வேண்டாம். ஆனால் சீனித் தேத்தண்ணி பசியை அடைத்துவிடும். சாப்பாட்டோடு குடித்தால் உடம்பு இரும்புச்சத்தை எடுப்பதும் குறையும். என் கணிப்பில் பிரச்சினையின் பாதி அதுதான். மூன்று நாளைக்குத் தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுத்துப் பாருங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

ஒன்று கவனம். பல நாள் சாப்பிடாமல் கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற தாதுச்சத்து இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அவர் தடுமாறி மறுபடி எடுத்தால் பழைய அளவே உயிரை எடுத்துவிடலாம், உடம்பின் தாங்குசக்தி இப்போது குறைந்திருக்கும். இதை அவரிடமே அன்பாகச் சொல்லிவிடுங்கள்.